முழங்காலுக்குக் கீழே அடைப்பு: பலூனா, வெட்டா?

முள்ளியவளையிலிருந்து ஒரு தம்பி கேட்டது, 05.05.2024

அப்பாவுக்கு 67 வயது. நெடுங்காலமாகச் சீனி வருத்தம். இடது காலில் இரண்டாம் விரல் கறுத்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே இரத்தக் குழாய் அடைத்திருக்கிறது, குழாய்க்குள் பலூன் வைத்து விரித்துப் பார்க்கலாம் என்கிறார்கள். பலூன் வைத்த எல்லோருக்கும் ஆறு மாதத்தில் திரும்ப அடைத்துவிடுமாம். காசும் அலைச்சலும்தான் மிச்சம், ஒரேயடியாகக் காலை எடுத்துவிட்டுப் பொய்க்கால் போட்டால் நிம்மதி என்கிறார் சித்தப்பா. வன்னியில் பொய்க்காலோடு வயல் செய்கிறவர்கள் குறைவா? எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. பலூன் வைத்துக்கொண்டவர் யாராவது இருந்தால் மறுத்துச் சொல்லுங்கள்.

06.05.2024

வைத்துக்கொண்டவன் நான். வலது கால். கிளிநொச்சியில் இருக்கிறேன், ஓய்வு பெற்ற விஞ்ஞான ஆசிரியர். மருத்துவம் படித்தவன் அல்லன். ஆனால் என் காலுக்குள் என்ன நடக்கிறது என்று கேட்காமல் படுத்திருக்கிற சுபாவமும் எனக்கில்லை.

தம்பி, சித்தப்பா யாரைப் பார்த்துக் கணக்குப் போடுகிறார்? இருபது வயதில் மிதிவெடியிலோ ஷெல்லிலோ காலை இழந்தவர்களைப் பார்த்து. அவர்களுக்கு இதயம் நன்றாக இருந்தது, மற்றக் கால் முழுப் பலத்தோடு இருந்தது, வெட்டிய இடத்துக்கு நல்ல இரத்தம் ஓடியது. அப்பாவின் கதை வேறு. இடது காலில் இருக்கும் அதே சீனி, அதே ஆண்டுக்கணக்கில், வலது காலிலும் இருக்கிறது. இதயக் குழாய்களிலும் இருக்கிறது. முழங்காலுக்குக் கீழே போட்ட பொய்க்காலோடு நடப்பதற்கே உடம்பு கால்வாசிக்கு மேல் கூடுதலாகச் சக்தி செலவழிக்க வேண்டும். முழங்காலுக்கு மேலே வெட்டினால் அது இன்னும் எவ்வளவோ கூடும். அந்தச் சுமையை அவருடைய இதயம் தாங்குமா? இனி எல்லாப் பாரமும் வலது காலில். அதில் ஒரு கொப்புளம் வந்தால்?

உலகம் முழுவதும் பார்த்திருக்கிறார்கள்: குழாய் அடைப்பினால் காலை இழந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஐந்து ஆண்டுக்குள் இறந்துவிடுகிறார்கள். வெட்டியதனால் மட்டுமல்ல, வெட்டும் நிலைக்கு வந்த உடம்பு மற்ற இடங்களிலும் அப்படித்தான் இருக்கிறது என்பதனால். பொய்க்காலைக் குறைத்துச் சொல்லவில்லை. என் மாணவர்களில் சிலர் அதோடுதான் சைக்கிள் ஓடி வந்து கணிதம் படித்தார்கள். ஆனால் அதை ஒரு சுலபமான வழியாகச் சொல்வதை அவர்களே ஒப்பமாட்டார்கள்.

ஆறு மாதக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

08.05.2024

அந்த ஆறு மாதக் கதை பொய்யில்லை. இதை முதலில் ஒப்புக்கொண்டால்தான் மேலே பேசலாம். முழங்காலுக்குக் கீழே வெறும் பலூனால் விரித்த குழாய்களில் பாதிக்கு மேற்பட்டவை ஓராண்டுக்குள் மறுபடி குறுகிவிடுகின்றன. பல, சில மாதங்களிலேயே. அப்படியானால் ஏன் செய்கிறார்கள்?

ஒரு புண் ஆறுவதற்கு நிறைய இரத்தம் வேண்டும். ஆறிய தோல் அப்படியே இருப்பதற்கு அதில் ஒரு பங்கு போதும். பலூன் திறந்து வைக்கும் அந்தச் சில மாதங்களுக்குள் புண் மூடிவிட்டால், பிறகு குழாய் குறுகினாலும் பெரும்பாலும் கால் தப்பிவிடுகிறது. வாங்குவது குழாயை அல்ல, அவகாசத்தை. அந்த அவகாசத்தில் புண்ணுக்கு ஒழுங்காக மருந்து கட்டாமல், சீனியைக் கட்டுப்படுத்தாமல், அந்தக் காலிலேயே ஊன்றி நடந்து திரிந்தால் சித்தப்பா சொன்னதுதான் நடக்கும். அவர் கேள்விப்பட்ட ஆட்களில் எத்தனை பேர் அப்படித் திரிந்தார்கள் என்று விசாரித்துப் பாருங்கள்.

இனி உள்ளே என்ன இருக்கிறது. தொடை வழியாக வரும் பெரிய குழாய் முழங்காலின் பின்னால் இறங்கி மூன்றாகப் பிரிகிறது. ஒன்று முன்பக்கமாக இறங்கிப் புறங்காலுக்கு வருகிறது. புறங்காலில் விரல் வைத்தால் துடிப்பது அதுதான். ஒன்று உட்கணுக்காலின் பின்னால் வளைந்து உள்ளங்காலுக்குப் போகிறது. மூன்றாவது இவற்றுக்கு நடுவே, வெளி எலும்பை ஒட்டி இறங்குகிறது. அகலம் இரண்டு முதல் மூன்றரை மில்லிமீற்றர் வரை. புகைப்பவர்களுக்குப் பெரும்பாலும் தொடையிலும் இடுப்பிலும் அடைக்கிறது. சீனிக்காரருக்கு இந்த மூன்றிலும் அடைக்கிறது, அதுவும் நீளமாக, சுவரில் சுண்ணாம்பேறி.

எனக்குச் செய்த விதம்: மயக்கம் இல்லை. தொடை இடுக்கில் விறைப்பு ஊசி மட்டும். அங்கே குழாயைத் துளைத்து மெல்லிய குழலொன்றைக் காலை நோக்கி இறக்கினார்கள். சாயம் விட்டபோது கால் முழுவதும் சூடு பரவியது. திரையில் என் குழாய்கள் தெரிந்தன, அல்லது தெரிய வேண்டிய இடத்தில் தெரியவில்லை. பிறகு ஒரு கம்பி. அதன் தடிப்பு மில்லிமீற்றரில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு. அது அடைப்பைத் தாண்டுவதுதான் முழு வேலையும். தாண்டிவிட்டால் பலூன் அதன்மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். எனக்கு மேலிருந்து தாண்டவில்லை. புறங்காலில் ஊசி போட்டுக் கீழிருந்து இன்னொரு கம்பியை மேலே ஏற்றி, அதைப் பிடித்துக்கொண்டார்கள். பலூனை ஊதி இரண்டு மூன்று நிமிடம் வைத்திருந்தபோது ஆடுதசை முறுக்கிப் பிடித்தது. நான் கத்தினேன். மருத்துவர், “நல்லது ஐயா, அங்கே இன்னும் உயிர் இருக்கிறது” என்றார். அந்த நேரத்தில் சிரிக்க முடியவில்லை.

அதே நாள், இரவு

பரந்தனிலிருந்து ஒருவர், “வாய்க்கால் தூர்வாருகிற மாதிரித்தானே?” என்று கேட்கிறார். இல்லை. தூர்வாரினால் சேறு கரைக்கு வருகிறது. பலூன் எதையும் வெளியே எடுப்பதில்லை. அடைப்பைச் சுவரோடு சேர்த்து அமுக்குகிறது, சுவரில் கீறல் விழுகிறது, அந்தக் காயம் ஆறும்போது தழும்பு தடிக்கிறது. மறுபடி குறுகுவதற்கு முக்கிய காரணம் அந்தத் தழும்பு. உணவில் எண்ணெய் குறைத்தால் அது வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சுரண்டி எடுக்கும் கருவிகளும் உலகத்தில் இருக்கின்றன, எனக்கு அது செய்யப்படவில்லை.

11.05.2024

தம்பி எழுதுகிறார்: விரலை மட்டும் முதலில் எடுத்துவிடலாம், பலூனைப் பிறகு பார்க்கலாம் என்று ஊரில் யாரோ சொன்னார்களாம்.

இதைத்தான் தடுக்க வேண்டும். இரத்தம் வராத காலில் விரலை வெட்டினால், அந்த வெட்டும் ஆறாது. அடுத்து அடுத்த விரல், பிறகு பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழே. இப்படிப் படிப்படியாக மேலே ஏறிய கால்களை மருந்து கட்டும் அறையின் வாங்கில் உட்கார்ந்திருந்தபோது பார்த்திருக்கிறேன். முதலில் இரத்தம், பிறகு கத்தி.

ஆனால் ஒரு விலக்கு உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நான் ஆபத்தான மனிதன். விரல் உலர்ந்து கருவாடாகக் கறுத்திருந்தால்தான் பொறுக்கலாம். சீழ், துர்நாற்றம், வீக்கம், காய்ச்சல் என்றால் பலூனுக்குக் காத்திருக்கக் கூடாது. சீழை அன்றைக்கே திறந்து விட வேண்டும், இரத்த ஓட்டத்தை அதன்பின் உடனே பார்க்க வேண்டும். அந்த நிலையில் வெளிக்கிடுவதைக் காலை பஸ்ஸுக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

இரத்தம் வருகிறதா என்று எப்படி அறிவது? கணுக்கால் அழுத்தத்தை எடுத்துக் கை அழுத்தத்தால் வகுக்கிறார்கள். 0.9க்குக் கீழே வந்தால் அடைப்பு. ஆனால் சீனிக்காரரின் குழாய் சுண்ணாம்பேறி அமுங்க மறுக்கும், அப்போது 1.4க்கு மேலேகூடக் காட்டும். எனக்கு முதலில் பார்த்த இடத்தில் அந்தப் பெரிய எண்ணைக் கண்டு, “உங்களுக்கு இரத்த ஓட்டம் பிரமாதம்” என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். விரல் கறுத்துக்கொண்டிருந்தது. பெருவிரலில் சிறிய பட்டி கட்டி அளந்தால்தான் உண்மை தெரியும், ஏனென்றால் விரலின் சின்னக் குழாய்கள் அவ்வளவாகச் சுண்ணாம்பேறுவதில்லை. அந்த அழுத்தம் 30 மில்லிமீற்றர் இரசத்துக்குக் கீழே என்றால் நிலைமை மோசம். அப்பாவுக்கு அதை அளந்தார்களா என்று கேளுங்கள்.

கருவி எதுவுமில்லாத வீட்டிலும் ஓர் அடையாளம் உண்டு. இரவில் படுத்தால் பாதம் குத்தும், கட்டிலிலிருந்து காலைத் தொங்கவிட்டால் குறையும். தொங்கவிட்ட கால் சிவந்திருப்பதைப் பார்த்து நல்ல இரத்தம் என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். தூக்கிப் பிடித்துப் பாருங்கள், வெளிறிவிடும். நான் சாய்மனைக் கதிரையில் இருந்தபடிதான் உறங்கிக்கொண்டிருந்தேன், மனைவி அதைச் சோம்பல் என்று நினைத்திருந்தார். இதிலும் பொறி இருக்கிறது: சீனியால் உணர்ச்சி செத்த காலுக்கு இந்தக் குத்தும் வராது. வலி இல்லை என்பது நல்ல செய்தி அல்ல.

15.05.2024

வற்றாப்பளைப் பொங்கல் நெருங்குகிறது. செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்களும் முல்லைத்தீவு வழியாகத்தான் நடக்கிறார்கள். நேர்த்தி என்று வெறுங்காலோடு சுடுமணலிலும் தாரிலும் நடக்கிற சீனிக்காரருக்குச் சூடு தெரியாது, கொப்புளம் வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். கண்ணகை அம்மனோடு எனக்கு வழக்கில்லை. கோயில் வாசல் வரை செருப்போடு போய், உள்ளே மட்டும் கழற்றுங்கள். வெயில் ஏறுமுன் போங்கள். அம்மன் கோபித்தால் என் பெயரைச் சொல்லுங்கள்.

ஒருவர் கோபமாக எழுதுகிறார், “எங்கள் தாத்தா எண்பது வயது வரை வெறுங்காலோடு வயலில் நின்றார்.” நின்றிருப்பார். அவருக்குச் சீனி இருந்ததா?

22.05.2024

ரொறன்ரோவிலிருந்து அக்கா ஒருவர்: இதயத்துக்கு வைக்கிறார்களே ஸ்டென்ட், குழாயை விரித்துப் பிடிக்கும் உலோக வலைச் சட்டம், அதைக் காலிலும் வைத்துவிட்டால் குறுகாதே?

நானும் இதைக் கேட்டேன். முழங்காலுக்குக் கீழே குழாய் நீளம், அடைப்பும் நீளம். கணுக்கால் மடங்குகிறது, வெளியிலிருந்து அடிபட்டால் உலோகம் நசுங்குகிறது. மேற்பகுதியில் குறுகிய அடைப்புக்கு மருந்து பூசிய ஸ்டென்ட் சில இடங்களில் வைக்கிறார்கள், எல்லா இடத்துக்கும் அல்ல. மருந்து பூசிய பலூன் தொடையில் நன்றாக வேலை செய்தது. முழங்காலுக்குக் கீழே அதைச் சோதித்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு 2014இல் வந்தது: வெறும் பலூனைவிட மேலாக இல்லை.

இப்போது புதிதாக ஒன்று. காலப்போக்கில் கரைந்துபோகும், மருந்து கலந்த சட்டம். 261 பேரில் பார்த்த அந்த ஆய்வு 2023இல் வெளிவந்தது. கால் இழப்பும் மறு அடைப்பும் மறு குறுகலும் மறு சிகிச்சையும் இன்றி ஓராண்டைக் கடந்தவர்கள் சட்டம் வைத்தவர்களில் 74 விழுக்காடு, வெறும் பலூனில் 44. கடந்த மாதம்தான் அமெரிக்காவில் அனுமதி கொடுத்திருக்கிறார்கள். அக்கா, உங்கள் பக்கத்தில் வந்தால் சொல்லுங்கள். இங்கே 2022 நெருக்கடியில் சாதாரணப் பலூனையே வெளியில் வாங்கி வரச் சொன்ன காலத்தைக் கடந்து வந்திருக்கிறோம், அதனால் நான் அவசரப்பட்டு ஆசைப்படவில்லை.

02.06.2024

ஒரு மருத்துவ மாணவி நல்ல ஆட்சேபம் எழுப்பியிருக்கிறார். நான் பலூனையே பேசுகிறேன், தன் காலிலிருந்தே நாளம் ஒன்றை எடுத்துத் தைத்துக் குறுக்குவழி போடும் பைபாஸ் சத்திரசிகிச்சையை மறந்துவிட்டேனாம். மறக்கவில்லை, வந்துகொண்டிருந்தேன்.

இரண்டு பெரிய ஆய்வுகள் எதிரெதிராகப் பேசுகின்றன. 2022இல் வந்தது 1830 பேரில்: தொடையிலிருந்து எடுக்க நல்ல நாளம் உள்ளவர்களுக்குச் சத்திரசிகிச்சையே மேல். 2023இல் வந்தது 345 பேரில், எல்லோருக்கும் முழங்காலுக்குக் கீழே திருத்த வேண்டிய அடைப்பு: சத்திரசிகிச்சைப் பக்கத்தில் 63 விழுக்காட்டினர் காலையோ உயிரையோ இழந்தார்கள், பலூன் பக்கத்தில் 53. வித்தியாசம் பெரும்பாலும் மரணங்களால் வந்தது.

எது சரி? இரண்டும் சரி என்றே என் மூளைக்குப் படுகிறது. ஆட்கள் வேறு. நாளமும் இதயமும் நன்றாக இருக்கிறவர் பைபாஸ் பற்றிக் கட்டாயம் கேட்க வேண்டும். என் இதயம் ஏற்கெனவே ஒருமுறை எச்சரித்திருந்தது; எனக்கு முழு மயக்கம் கொடுக்க அவர்கள் விரும்பவில்லை. பலூனை நான் தேர்ந்தெடுத்தேன் என்று பெருமையாகச் சொல்லித் திரிகிறேன். உண்மையில் வேறு கதவு திறந்திருக்கவில்லை.

இந்தத் தொழிலைத் தொடங்கியவர் கதையையும் சொல்ல வேண்டும். 1964 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லன்ட் நகரில் சார்ல்ஸ் டொட்டர் என்ற கதிரியக்க மருத்துவர். 82 வயது மூதாட்டி, விரல்கள் அழுகிய நிலை, காலை வெட்டவிடமாட்டேன் என்கிறார். டொட்டர் தொடைக் குழாயின் குறுகலுக்குள் கம்பியை விட்டு, அதன்மேல் ஒன்றைவிட ஒன்று தடித்த குழல்களைச் செலுத்தி விரித்தார். பலூன் அப்போது இல்லை. அதை ஒழுங்காக்கியவர் சூரிச்சில் அன்ட்றியாஸ் குறூன்ட்சிக், 1974இல். இதயத்துக்கு அதைக் கொண்டுபோனது 1977இல்தான். ஆக, கால்தான் மூத்தது! மூதாட்டி தன் இரு கால்களாலும் நடந்தபடி மேலும் இரண்டு ஆண்டுக்கு மேல் வாழ்ந்தார்.

09.06.2024

முள்ளியவளைத் தம்பி திரும்பி வந்திருக்கிறார். பெருவிரல் அழுத்தம் அளந்தார்களாம்: 24. விரல் உலர்ந்தே இருக்கிறது. சித்தப்பா மௌனமாகிவிட்டாராம். ஆனால் புதுப் பயம்: அப்பாவின் சிறுநீரக எண் சரியில்லை, சாயம் விட்டால் சிறுநீரகம் போய்விடும் என்கிறார்கள்.

வெறும் பயமல்ல. வவுனியா, செட்டிகுளம் பக்கத்தில் காரணம் துலங்காத சிறுநீரக நோய் எத்தனை வயல்காரரைப் பிடித்திருக்கிறது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். அதோடு சீனியும் சேர்ந்தால் சாயத்தை அளந்துதான் விட வேண்டும். என்ன செய்வார்கள்: முன்கூட்டியே சேலைன் ஏற்றுவார்கள், சாயத்தைக் குறைத்துத் தண்ணீராக்கி விடுவார்கள், சில இடங்களில் தொடை வரை காபனீரொட்சைட்டு வாயுவை வைத்தே படமெடுப்பார்கள். முழங்காலுக்குக் கீழே அந்தப் படம் அவ்வளவு தெளிவில்லை, ஆகவே கடைசியில் கொஞ்சம் சாயம் வேண்டியிருக்கும். சீனிக்கு மெற்போமின் மாத்திரை எடுக்கிறாரா என்று முதலே சொல்லுங்கள். வலி மாத்திரைகளைக் கடையில் வாங்கி விழுங்குவதை இன்றே நிறுத்துங்கள், சிறுநீரகத்துக்குச் சாயத்தைவிட அவை செய்யும் கேடு சிறிதல்ல.

20.06.2024

ஆட்டுக்கால் சூப் குடித்தால் கால் குழாய் திறக்குமா என்று கேட்டவருக்கு: ஆட்டின் கால் ஏற்கெனவே போய்விட்டது, அதனிடம் போய் ஏன் உதவி கேட்கிறீர்கள்?

07.07.2024

நெடுங்கேணியிலிருந்து 34 வயதுத் தம்பி. சீனி இல்லை, பிரஷர் இல்லை, விரல் நுனி கறுக்கிறது, பீடி குடிக்கிறார். எனக்கும் பலூன் வைப்பார்களா என்கிறார்.

உங்கள் நோய் வேறாக இருக்கலாம், தம்பி. இளம் வயதில், புகைக்கிறவர்களின் கை கால்களின் சிறு குழாய்களை அழற்சி பிடித்து மூடும் நோய் ஒன்று உண்டு. 1908இல் நியூயோர்க்கில் லியோ பேர்கர் விவரித்தார், அவர் பெயரால் வழங்குகிறது. நம் நாடுகளில் பீடி குடிப்பவர்களிடம் அதிகம் காண்கிறார்கள். பலூனால் சிலருக்கு உதவலாம், ஆனால் புகையை நிறுத்தாதவருக்கு எதுவும் நிற்காது. குறைப்பது போதாது, நாளுக்கு ஒன்றிரண்டே அதை எரியவைத்துக்கொண்டிருக்கும். அடியோடு விட்டவர்களில் பெரும்பாலானோர் காலைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள். சுருட்டும் புகைதான், வாயில் போடும் புகையிலையும் விலக்கல்ல. கிளினிக்குக்கு இந்த வாரமே போங்கள், பீடிக் கட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டாம், எறிந்துவிட்டுப் போங்கள்.

28.09.2024

முள்ளியவளை அப்பாவுக்குப் பலூன் வைத்தாகிவிட்டது. முன்பக்கக் குழாய் திறந்ததாம், பின்பக்கத்தது திறக்கவில்லை. ஒன்று போதுமா என்று கவலைப்படுகிறார் தம்பி. எனக்கும் ஒன்றுதான் திறந்தது. பாதம் வரை தடையின்றி ஒரு குழாயாவது போய்ச் சேர வேண்டும் என்பதுதான் அவர்கள் குறிக்கோள். புண்ணுள்ள பகுதிக்கே நேராகப் போகும் குழாயாக இருந்தால் இன்னும் நல்லது. விரலைப் பின்னர் எடுத்தார்கள், வெட்டிய இடத்தில் சிவப்பான புதுத் தசை வந்திருக்கிறதாம். பாதம் வீங்கியிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், நீண்ட காலம் காய்ந்து கிடந்த காலுக்கு இரத்தம் திரும்பினால் அப்படி வீங்குவதுண்டு. ஒரு பக்க ஆடுதசை மட்டும் வலியோடு வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ காட்ட வேண்டும்.

காலபோக விதைப்புக்கு வயலில் இறங்கலாமா என்று அப்பா கேட்கிறாராம். இல்லை. இந்தப் போகத்துக்குச் சித்தப்பா இறங்கட்டும், அவருக்குத்தான் இவ்வளவு காலம் யோசனை சொல்ல நேரம் இருந்தது. அப்பா வரம்பில் கதிரை போட்டு அதட்டலாம், மூடிய சப்பாத்தோடு. புண் முழுதாக மூடிய பிறகும் சேற்றில் வெறுங்கால் கிடையாது. ஒவ்வொரு இரவும் யாராவது உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். அவருக்குக் குனிய முடியாவிட்டால் கீழே கண்ணாடி வைத்துப் பார்க்கலாம்.

இரத்தம் கட்டியாகாமல் இருக்க அஸ்பிரினும் குளோப்பிடோகிரெலும் கொடுத்திருப்பார்கள். பல் பிடுங்கப் போகிறேன் என்று அவராக நிறுத்தக் கூடாது, பல் மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும். கொழுப்பு மாத்திரை, கொழுப்பு எண் நன்றாக இருந்தாலும் தொடர வேண்டும்.

இன்னொன்று. சாயம் விட்டு எடுத்த அன்ஜியோகிராம் படத்தைக் குறுந்தட்டில் கேட்டு வாங்கினீர்களா? வாங்கியிருக்காவிட்டால் அடுத்த கிளினிக்கில் கேளுங்கள். மறுபடி குறுகி வேறு ஆஸ்பத்திரியில் செய்ய நேர்ந்தால், எந்தக் குழாய் எங்கே திறந்தது என்று அதைப் பார்த்துத்தான் தொடங்குவார்கள், சாயமும் மிச்சமாகும். உறைமேல் திகதியை எழுதி வையுங்கள்.